நூறு சதவீதக் கழிவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் இரண்டே தடவைதான் கத்தினேன். இரண்டும் கத்த வேண்டிய இடம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

முதல் தடவை கத்தியது ஒரு நாற்காலியால். பழுப்பு ரெக்ஸின் போட்டுத் தைத்த, கைவைத்த நாற்காலி. என் வீட்டுக்காரர் வேலை போன மறுநாள் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் இருந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார், சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போய்விடுவார். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைச் சேர்த்தால் ஒரு தீப்பெட்டியின் பின்பக்கம் எழுதிவிடலாம்.

இத்தனைக்கும் மனுஷனுக்கு வார்த்தைதான் பிழைப்பு. குக்கர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி வாங்கினால் உள்ளே ஒரு மடித்த காகிதம் இருக்குமே, நாம் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவோமே, அதைத் தமிழில் எழுதுகிறவர் இவர்தான். 'ஆவி முழுவதும் அடங்கும்வரை மூடியைத் திறக்க முயலாதீர்கள்' என்ற வாக்கியம் இவருடையது. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் நைசாகச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, அங்கே அந்தக் குக்கர் இருந்தால் ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஒருநாள் கம்பெனியில் கூப்பிட்டு, இனிமேல் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துக்கொள்ளும், நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது மொழிபெயர்த்த முதல் காகிதத்தை ஒரு நண்பர் கொண்டுவந்து காட்டினார். 'மூடியைத் திறக்கும் முன் உங்கள் ஆவி பிரிவதை உறுதி செய்யவும்' என்று இருந்தது. நானும் நண்பரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"அந்த நாற்காலிய ஒடச்சு அடுப்புல வெக்கிறேனா இல்லையா பாருங்க!"

அவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். "ரெக்ஸினை எரிக்கக் கூடாதும்மா. நச்சுப் புகை வரும்" என்றார். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? நேராக என் அண்ணனிடம் போனேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நடத்துவது தையல் பட்டறை. பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தோம். நானும் அங்கேதான் தைக்கிறேன். ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார், வந்ததிலிருந்து ஒரே பூமி. பூமி சூடாகிறது, பூமி மூச்சுத் திணறுகிறது, பூமிக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து பை தைப்பது நின்று, சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான சாமான்கள் தைக்க ஆரம்பித்தோம். எல்லாம் குப்பையிலிருந்து. தண்ணீர் பாட்டிலை உருக்கி நூற்ற துணியில் பனியன். அதைப் பனியன் என்றால் அண்ணனுக்குக் கோபம் வரும், ஜெர்சி என்று சொல்ல வேண்டும். லாரித் தார்ப்பாயில் பை, கிழிந்த குடைத் துணியில் மழைக்கோட்டு, கார் சீட்டு உறையில் கையுறை. உட்காரும் இடத்தில் மெத்தை வைத்த அரைக்கால் டிராயர் என் பொறுப்பு. பழைய சோபாவின் மெத்தையை வெட்டி வெட்டி வைத்துத் தைப்பேன்.

பாட்டில் துணி எங்கிருந்தோ கப்பலில் வரும். ஒவ்வொரு மடிப்பையும் புத்தம்புது பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறைகளை இன்னொரு பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புவார்கள். வாடிக்கையாளர் கண்ணில் படாமல் அதையெல்லாம் பிரித்து மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைப்பதும் என் வேலை. அண்ணன் சைக்கிள் ஓட்டுவதில்லை, முழங்கால் வலி. காரில்தான் வருவார்.

"அண்ணே, அவருக்கு ஏதாவது ஒரு வேலை குடுண்ணே" என்றேன்.

"மாப்பிள்ளைக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதே பாப்பா." என் தலையில் பாதி நரைத்துவிட்டது, அண்ணனுக்கு இன்னும் நான் பாப்பாதான்.

"எழுதத் தெரியும்ல?"

அண்ணன் யோசித்தார். எழுத்தில் அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. சாமான்களில் எல்லாம் 'ரீசைக்கிள்' என்று அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார். வந்து பார்க்கிறவர்கள், "பழைய சைக்கிள் எங்க சார் இருக்கு? பெல்லு நல்லா இருக்குமா?" என்று கேட்டு அவர் உயிரை வாங்கினார்கள்.

"சரி, வரச் சொல்லு. கடை திறக்கப் போறோம், நாலு வார்த்தை நல்லதா எழுதட்டும். ஆனா ஒண்ணு பாப்பா, இதுல ஏதாவது சொதப்பினாருன்னா அப்புறம் அந்த ஆளைப் பத்தி எங்கிட்ட பேசவே கூடாது. சொல்லிட்டேன்."

எனக்கு வேறு வழி ஏது? இதுவும் போனால் அவர் திரும்ப அந்த நாற்காலிக்குத்தான் போவார், அப்புறம் அங்கிருந்து யாராலும் எழுப்ப முடியாது என்று எனக்குத் தெரிந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் பட்டறைக்கு வந்தவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தார், குடைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சோபா மெத்தையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். மறுநாள் பழைய அட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதிக் கட்டினார். பையில் கட்டிய அட்டை: 'முற்பிறவியில் நான் லாரித் தார்ப்பாய். மழை எனக்குப் பழக்கம்.' என் டிராயருக்கு: 'முற்பிறவியில் நான் சோபா மெத்தை. உட்காருபவர்களின் குணம் அறிவேன்.' பனியனுக்கு: 'முற்பிறவியில் நான் தண்ணீர் பாட்டில். ஒரு தாகம் தீர்த்தேன், உடனே தூக்கி எறிந்துவிட்டார்கள்.'

கடைசியதை நான் இரண்டு தடவை படித்தேன். அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடடா மாப்பிள்ளை, பிச்சு உதறிட்டீங்க!"

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "குழம்புல உப்பு கம்மி" என்றார். எத்தனை மாதம் ஆகிவிட்டது அவர் ஒரு குறை சொல்லி! கல்யாணமான புதிதில் இதே வார்த்தைக்குத் தட்டைத் தூக்கி எறியாத குறையாகச் சண்டை போட்டவள் நான். அன்றைக்கு ஓடிப்போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தப் போர்டு வந்தது.

கடை வாசலுக்குப் பெரிதாக ஒரு போர்டு வேண்டும். ஃபிளெக்ஸ் கூடாது, அது பிளாஸ்டிக். அதனால் எங்கோ இடித்த வீட்டிலிருந்து ஒரு கதவை வாங்கிவந்து குறுக்கே படுக்கப் போட்டார் அண்ணன். "ரோட்டுல போறவன் கண்ணுல பளிச்சுனு படணும் மாப்பிள்ளை. நம்ம கிட்ட இருக்கிறது எல்லாமே வேஸ்ட்டுல செஞ்சது, முழுக்க முழுக்க, ஒரு நூலு கூடப் புதுசு இல்ல. அதை ஒரே வரியில அடிங்க."

'மறுசுழற்சி செய்யப்பட்ட பொருள்களால் ஆனவை' என்று எழுதினால் கதவில் பாதிதான் அடங்குகிறது. அதோடு 'மறுசுழற்சி' என்ற சொல் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, துணி துவைக்கிற மெஷினை மறுபடி சுற்றவிடுவது போல இருக்கிறதாம். இரண்டு நாள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். பிறகு பச்சை பெயின்ட்டில், கொட்டை எழுத்தில், ஒரு பிசிறு இல்லாமல் எழுதினார்:

'இங்கே அனைத்தும் நூறு சதவீதக் கழிவு!'

அண்ணன் படித்தார். நான் படித்தேன். அவர் நாலடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் படித்தார். மூன்று பேரும் தமிழில்தான் பிறந்து தமிழில்தான் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். ஒருத்தருக்கும் பொறி தட்டவில்லை. மாதக்கணக்கில் குப்பை, கழிவு என்று அதையே பேசிக்கொண்டிருந்ததில் எங்களுக்கு அந்த வார்த்தைக்கு அந்த ஒரு அர்த்தம்தான் மிச்சமிருந்தது. "சூப்பர் மாப்பிள்ளை, 'கழிவு'ல ஒரு கெத்து இருக்கு!" என்று அண்ணன் அவர் தோளில் தட்டினார். அவர் முகத்தில் அந்தக் குக்கர் சிரிப்பு வந்தது.

திறப்பு விழா காலையில். ஊரிலிருக்கிற சைக்கிள் சங்கத்தைக் கூப்பிட்டிருந்தார் அண்ணன். சங்கத் தலைவர் ஒரு தோல் டாக்டர். சங்கத்தார் எல்லோரும் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். உடம்போடு ஒட்டின, பளபளவென்ற புதுச் சட்டைகள். டாக்டர் ரிப்பன் வெட்டினார். அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"நான் லாபத்துக்காக இதைச் செய்யல! இந்தப் பொருளெல்லாம் பணக்காரங்களோட நின்னுடக் கூடாது. தினம் தினம் வயித்துப்பாட்டுக்கு சைக்கிள் மிதிக்கிறானே, அந்தச் சாமானியனுக்குப் போய்ச் சேரணும்! அதுதான் என் கனவு!"

சங்கத்தார் கைதட்டினார்கள். கனவு வாசலில் வந்து நின்றது அப்போதுதான்.

முதலில் பால்காரர். பிறகு பேப்பர்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், இஸ்திரிக்காரம்மா. எல்லோரும் போர்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, "வாங்க வாங்க" என்று டாக்டருக்குக் கேட்கிற மாதிரி வரவேற்றார். பால்காரர் இரண்டு பனியன், ஒரு டிராயர், ஒரு மழைக்கோட்டு எடுத்து மேஜையில் வைத்தார். சங்கத்து அம்மா ஒருவர் கையுறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இதெல்லாம் நல்லா வாஷ் பண்ணிட்டீங்கதானே?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் கூட்டிப் பார்த்து விலையைச் சொன்னார். பால்காரர் சிரித்தார்.

"என்ன சார், விளையாடுறீங்க?"

"விளையாடலப்பா. விலையே அவ்வளவுதான்."

"விலை இருக்கட்டும் சார். கழிவு போக எவ்வளவு?"

"என்ன கழிவு?"

"நீங்கதானே சார் எழுதிப் போட்டிருக்கீங்க? எல்லாத்துக்கும் நூறு சதவீதக் கழிவுன்னு. புத்தகக் கடையில பத்து சதவீதக் கழிவு போடுவாங்க, நான் பாத்திருக்கேன். நூறுன்னு இப்பத்தான் பாக்குறேன். அதான் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்தேன்."

அண்ணன் போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விலையில் கழிப்பதும் கழிவுதான் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு மட்டும் எங்கே போயிருந்தது புத்தி?

"அது வந்துப்பா... அது அந்தக் கழிவு இல்ல, இது வேற..." என்று அண்ணன் மென்று விழுங்க ஆரம்பித்தார். அதற்குள் டாக்டர் மேஜைப் பக்கம் வந்துவிட்டார். போர்டைப் படித்தார், பால்காரர் மேஜையில் வைத்திருந்ததைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"பேச்சோட நின்னுடாம அப்படியே தூக்கிக் குடுத்துட்டீங்களே சார்! இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்ல!" என்று கைதட்ட ஆரம்பித்தார். சங்கம் மொத்தமும் தட்டியது. போட்டோ எடுக்க வந்தவர், "சார், அந்தப் பனியனை அவர் கையில குடுக்கிற மாதிரி நில்லுங்க. சிரிங்க சார்" என்றார்.

அண்ணன் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் பல் டாக்டரிடம்தான் பார்த்திருக்கிறேன். பேப்பர்காரருக்குக் கொடுத்தார், சிலிண்டர்காரருக்குக் கொடுத்தார், இஸ்திரிக்காரம்மாவுக்கு இரண்டு கையுறை. விஷயம் தெருவில் காற்றாய்ப் பரவி, கடை ஒரு மணி நேரத்தில் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. "கவர் ஒண்ணு குடுங்க சார்" என்று கேட்டார் பால்காரர். "நாங்க பிளாஸ்டிக் குடுக்கிறதில்ல" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சங்கத்தார் மட்டும் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏழைகளுடையதை நாம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

கதவைச் சாத்தியதும் அண்ணன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"கழிசடை! வெட்டியா உக்காந்திருந்த கழிசடையக் கூட்டிட்டு வந்து வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது வாசலில் நின்று போர்டை ஒருமுறை பார்த்தார்.

நான் கத்திய இரண்டாவது தடவை அதுதான். "வாயக் கழுவுண்ணே! போர்டை நீ படிக்கல? நான் படிக்கல? கெத்து இருக்குன்னு சொன்னது யாரு? மூணு பேரும் சேந்து பண்ணின முட்டாள்தனத்துக்கு அவர் தலைய மட்டும் உருட்டுவியா? நீ குப்பைக்கெல்லாம் மறுஜென்மம் குடுக்கிற ஆளாச்சே, ஒரு மனுஷனுக்குக் குடுக்க மாட்டியா?" இன்னும் நிறையச் சொன்னேன், அதெல்லாம் எழுத்தில் வராது. அண்ணன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எனக்கு அந்த நாற்காலிதான் கண் முன்னால் நின்றது. இனி அவ்வளவுதான், உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியப் போவதில்லை என்று அழுகையாக வந்தது. கதவைத் திறந்தேன்.

நாற்காலியில் அவர் இல்லை. நாற்காலியே நாற்காலியாக இல்லை. ரெக்ஸினை முழுசாக உரித்து, பஞ்சைப் பிடுங்கி, மரச்சட்டத்தை மட்டும் எலும்புக்கூடாகச் சுவரோரம் சாய்த்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்து, யாரையும் நான் தொடவிடாத என் பெரிய கத்திரிக்கோலால் ரெக்ஸினை வெட்டிக்கொண்டிருந்தார். கோணல்மாணலாக.

"சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்க ஆகுமான்னு பாத்தேன்" என்றார். "நல்ல ரெக்ஸின்மா. எரிக்கிறதுக்குப் பதிலா..."

"கத்திரிக்கோலை இப்படிக் குடுங்க. துணி வெட்டுற கத்திரிய ரெக்ஸின்ல போடுற ஆளை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று பிடுங்கி நானே வெட்டினேன். பக்கத்தில் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு நான் அவரைப் பார்த்தேன், அவர் வேறு எங்கோ பார்த்தார்.

மறுநாள் காலையில் என்னோடு அவரும் கிளம்பினார். "நான் எழுதினதை நான்தான் அழிக்கணும்" என்று உப்புத்தாளும் பெயின்ட்டும் எடுத்துக்கொண்டார். நான் உறையைத் தைத்து முடித்து, அட்டையைக் கட்டி, காலியாகக் கிடந்த கடையில் ஒற்றை ஆணியில் மாட்டினேன். அண்ணன் இரண்டு நாள் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய் வெளியே வந்தார். என் வீட்டுக்காரர் ஏணியில் நின்று கதவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் அவரை வேலைக்கு வரச் சொன்னதும் இல்லை, வராதே என்றதும் இல்லை.

தெருதான் மாறிப்போயிருந்தது. பால்காரர் பாட்டில் பனியன் போட்டுப் பால் ஊற்றினார். சிலிண்டர்காரர் வேட்டிக்கு மேலேயே டிராயரை மாட்டிக்கொண்டு மிதித்தார். இஸ்திரிக்காரம்மா கையுறையோடு பெட்டியைப் பிடித்தார். அண்ணனின் கனவு ஒரு குறையும் இல்லாமல் நிறைவேறியிருந்தது, அதைப் பார்க்க அவருக்குத்தான் வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் தோல் டாக்டர் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். அண்ணன் ஓடிப்போய்க் கைகொடுத்தார்.

"சார், காலையில மேட்டுல ஏறிட்டிருக்கேன். உங்க பால்காரர் ரெண்டு பக்கமும் பால் கேனை மாட்டிக்கிட்டு என்னைத் தாண்டிப் போறார் சார்! பாட்டு வேற பாடிக்கிட்டு! அந்த ஜெர்சியில என்னமோ இருக்கு. எங்க சங்கத்துக்கு மொத்தமா வேணும், சொல்ற விலை குடுக்கிறோம்."

முப்பது வருஷமாகப் பால் கேனோடு மேடு ஏறுகிற கால் அது என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அண்ணன் என்னைப் பார்த்து முறைத்த முறையில் மென்று விழுங்கினேன். அவர் முகத்தில் உயிர் வந்துவிட்டது. "உள்ள வாங்க டாக்டர்! மாப்பிள்ளை, இறங்கி வாங்க, டாக்டருக்கு விவரமெல்லாம் நீங்கதான் சொல்லணும்!" என்று ஏணியைப் பார்த்துத் தேன் ஒழுகக் கூப்பிட்டார்.

டாக்டர் காலிக் கடையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் படுவதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆணியிலிருந்து எடுத்து, அழுத்திப் பார்த்து, அட்டையைத் திருப்பி உரக்கப் படித்தார்.

"'முற்பிறவியில் நான் நாற்காலி. ஒரு கழிசடை என்மீது உட்கார்ந்திருந்தது. எழுந்து போய்விட்டது.'"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிரமாதம்! யாரு சார் அந்தக் கழிசடை?"

அண்ணனின் முகம் செத்துவிட்டது. அவர் கண் என் வீட்டுக்காரரிடம் போனது, கெஞ்சுகிற மாதிரி. இவர் ஏணியிலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய பச்சைத் தூளைத் தட்டிவிட்டு, டாக்டர் முன்னால் வந்து நின்றார்.

"நான்தாங்க" என்றார்.

டாக்டர் அதையும் ஒரு ஜோக் என்றே எடுத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, இது எனக்கு வேணும். போர்டுல போட்டிருந்தீங்களே, இதுக்கு எத்தனை சதவீதம் கழிவு?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் உறையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, ரெக்ஸினை ஒருமுறை தடவிவிட்டு, திரும்ப ஆணியில் மாட்டினார்.

"இதுல கழிவே கிடையாதுங்க."